நோயின் கணக்கில் ஒரு வாக்கியம்

முதல் அறிகுறி தூக்கம் குறைந்ததுதான். அதை அறிகுறி என்று அப்போது யார் கண்டார்கள்? நான் சந்தோஷமாக இருந்தேன். சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர். திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்து டிப்போ ஒன்றில் வேலை. வீடு தெற்கே, தமிழ்நாட்டு எல்லையோரம். வீட்டில் தமிழ், வேலையில் மலையாளம், சர்ச்சில் இரண்டும். பெயர் ஞானதாஸ். டிப்போவில் தாஸ்.

எனக்கு வாய்த்தது ஸ்டே பஸ். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மலைக்குப் போகும் கடைசி பஸ் அன்று திரும்பி வராது. போன இடத்திலேயே நின்று, மறுநாள் விடிகாலையில் முதல் பஸ்ஸாகக் கீழே இறங்கும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே தங்க வேண்டும். எங்களுக்குப் பொன்முடிப் பக்கம் ஓர் எஸ்டேட். தொழிலாளர் லயங்களை (வரிசை வீடுகளை) ஒட்டி, அங்குள்ள கடைக்காரர் ஒதுக்கித் தந்த ஒற்றை அறை. இரண்டு பாய், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், குளிருக்கு ஆளுக்கொரு கம்பளி. அவ்வளவுதான் வசதி.

என் டிரைவர் மணியன். என்னைவிட நன்றாக மூத்தவர், என்னைப் போலவே எல்லையோரத்துக்காரர். மணியண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஸ்டே பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும் ஏறக்குறைய ஒரு குடித்தனம் நடத்துகிறவர்கள். அவர் சோறு வைப்பார், நான் மீன்கறி வைப்பேன். நான் குறட்டை விடுவேன், அவர் கெட்ட வார்த்தை சொல்லுவார். நான்கு வருடம் இப்படியே நன்றாக ஓடியது.

அந்த வருடம் மழை விட்ட சமயத்தில் என் உறக்கம் சுருங்கத் தொடங்கியது. பாதியில் விழித்துவிடுவேன், களைப்பே இருக்காது. படுத்துக் கிடப்பானேன் என்று எழுந்து ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து பஸ்ஸைக் கழுவினேன். மறுநாளும் கழுவினேன். சீட்டுகளைத் துடைத்தேன், ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். எஸ்டேட் பெண்கள், "தாஸண்ணன் பஸ் கல்யாண வீடு மாதிரி இருக்கு" என்றார்கள். அவர்களிடம், இன்னும் இரண்டு டிரிப் வாங்கித் தருகிறேன், மந்திரியைப் பார்த்துப் பேசப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுத்தபோது அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பஸ்ஸில் ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போக வேண்டும். டிரைவர் ஏன் என்று கேட்பதில்லை. பின்னால் நடப்பது கண்டக்டருக்குத்தான் தெரியும் என்று நம்பி ஓட்டுகிற தொழில் இது. ஒரு காலையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் நான் ஒற்றை மணி அடித்தேன். மணியண்ணன் நிறுத்தினார். நான் எல்லோரையும் இறக்கி, பள்ளத்தில் பனி விலகுவதைப் பார்க்கச் சொன்னேன். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணி எல்லோரும் இறங்கி நின்று பார்த்தார்கள். கண்டக்டர் சொன்னால் இறங்கத்தானே வேண்டும்.

மணியண்ணன் தலையை வெளியே நீட்டி, "எவனாவது விழுந்துட்டானாலே?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணே. சும்மா பாருங்க, எம்பிடு அழகு."

அவர் பனியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அங்கிருந்து இறங்கி, கல்லாறில் டீ குடிக்க வழக்கம்போல நிறுத்தினோம். கடைக்காரர், "தாஸுக்கு எப்ப கல்யாணம்?" என்று கேட்டார். அது அவருடைய தினசரிக் கேள்வி. தினமும் நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். அன்று டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல, ஆனால் சத்தமாகச் சொன்னேன்:

"எனக்குப் பெண்ணு வேண்டாம். எனக்கு ஆணுங்களத்தான் பிடிக்கும். சின்னதிலேயே அப்படித்தான்."

முதலில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற ஆட்களில் பாதிப் பேருக்காவது அது கேட்டது.

மீசை முளைக்கும் வயதிலிருந்து நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது. சொன்னவனுக்கு ஒரு காதல் கதைகூடக் கிடையாது. மணியண்ணன் மேல் எனக்கு அந்த ஆசையும் கிடையாது, நம்புகிறவர்கள் நம்பட்டும். நோய் என் வாயைத் திறந்துவிட்டது, உண்மைதான். ஆனால் உள்ளே இருந்தது நோய் கொண்டுவந்து வைத்ததல்ல. இந்த ஒரு வித்தியாசத்தை மற்றவர்களுக்குப் புரியவைக்கத்தான் எனக்கு வருடக்கணக்கில் ஆயிற்று.

மணியண்ணன் கிளாஸை வைத்துவிட்டு, "வா, பஸ்ஸில ஏறு" என்றார். டிப்போவில் பஸ்ஸை விட்டதும் ஆட்டோ பிடித்து நேராக நகரத்துக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே போனேனாம். அவர் என் மணிக்கட்டை விடவில்லையாம்.

நகரத்தில் அந்த மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தின் பெயரைச் சொன்னாலே இங்கே ஆட்கள் சிரிப்பார்கள். "உன்னை அங்க கொண்டுபோய் விடணும்" என்பது இந்த ஊர் வேடிக்கைப் பேச்சு. படிக்கட்டில் தொங்குகிற பையன்களிடம் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதன் நீண்ட வராந்தாவில், கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

ஊசிகள் போட்டார்கள். நாக்கு கனத்தது, தாடை இறுகியது, வாரக்கணக்கில் தூங்கினேன். சிகிச்சை தந்தவர் நடுவயது டாக்டரம்மா. மலையாளத்தில் மெதுவாகப் பேசுவார். எனக்கு வந்தது பைபோலார் (மனம் சில காலம் அளவுக்கு மீறி எழும்பியும் சில காலம் அளவுக்கு மீறித் தாழ்ந்தும் போகும் நோய்) என்றார். மலையில் நடந்தது மேனியா (எழும்பிய நிலை). இனி தாழ்ந்த நிலை வரலாம், பயப்படக் கூடாது என்றார். பயப்படாமல் எப்படி இருப்பது என்று அவர் சொல்லித் தரவில்லை.

லித்தியம் தொடங்கினார்கள் (மனத்தை ஒரு மட்டத்தில் பிடித்து நிறுத்தும் ஒருவகை உப்பு). அது உடம்பில் கூடினால் விஷம், குறைந்தால் பயனில்லை. ஆகவே அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். உங்களுக்கும் இதை எழுதித் தந்திருந்தால் ஒன்று சொல்கிறேன்: தண்ணீர் குடியுங்கள். தாகம் தாங்காது. சிறுநீர் அடிக்கடி வரும். கை நடுங்கும். ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவனுக்கு இந்த மூன்றுமே பாடுதான். ஆனாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தியதில்லை.

டாக்டரம்மா சொன்னபடியே தாழ்ந்த நிலை வந்தது. என் அக்கா ரோஸ்லெட் என்னைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். சுவரைப் பார்த்துக் கிடந்தேன். பல் தேய்ப்பது மலை ஏறுகிற காரியமாக இருந்தது. அக்கா கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊட்டிவிட்டாள், நெற்றியில் கை வைத்து ஜெபித்தாள், மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினேனா என்று பார்த்தாள். அத்தானுடைய வீட்டார் முணுமுணுத்ததை என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டாள். அவளைப் பற்றிப் பின்னால் எழுதப்போவதை வாசிக்கும்போது இதையும் மறக்க வேண்டாம். அவள் இல்லாவிட்டால் நான் இல்லை.

மறுபடி டிப்போவுக்குப் போனபோது, வேலைக்குத் தகுதி என்று டாக்டரம்மா எழுதித் தந்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர்தான் யார் எந்த பஸ் என்று முடிவு செய்கிறவர். என்னை உட்காரவைத்து டீ வரவழைத்து மலையாளத்தில் சொன்னார்: "சுகக்கேடு என்றால் அனுதாபம் காட்டலாம் தாஸே. மற்றது என்றால் கண்டும் காணாமல் விட்டுவிடலாம். இரண்டும் ஒரே ஆளுக்கு என்றால் நான் எங்கே கொண்டு வைப்பேன்?"

அவர் கெட்டவர் இல்லை. அவருடைய கஷ்டம் அது. மலை பஸ்ஸுக்கு என்னோடு வர ஒரு டிரைவரும் சம்மதிக்கவில்லை. ஒருவர், "வட்டு வந்தா நடுமலையில வச்சு நான் என்ன செய்ய?" என்றார். வட்டு என்றால் இங்கே பைத்தியம். அடுத்தவர், "வட்டு சாரமில்ல சாரே, ஒரே முறியில இல்லியா கிடக்கணும்?" என்றார். வட்டு பரவாயில்லை, ஒரே அறையில் என்னோடு படுப்பதுதான் அவருக்குப் பிரச்சினை. அறையெல்லாம் சிரித்தது. நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

என்னை விசாரணை ஜன்னலில் போட்டார்கள். எந்த பஸ் எப்போது என்று மைக்கில் சொல்கிற வேலை. சாயங்காலம் மலை பஸ் புறப்படுவதையும் நானே அறிவிக்க வேண்டும். மணியண்ணன் ஓட்டுவார், வேறு கண்டக்டர் ஏறிப் போவார். நாங்கள் ஓய்வெடுக்கும் ரெஸ்ட் ரூமில், பானையில் நான் தண்ணீர் மொண்ட பிறகு வேறு யாரும் அந்தக் குவளையைத் தொட மாட்டார்கள். எனக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், ஆகவே குவளை எப்போதும் எனக்கே கிடைத்தது. இரண்டில் எது ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்களோ, அதை அவர்களும் தீர்மானித்திருக்க மாட்டார்கள். சிலர் என்னைத் தாண்டும்போது "ஒம்பது" என்பார்கள். சிலர் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுழற்றுவார்கள். ஒரே ஆள் இரண்டையும் செய்ததும் உண்டு.

சில மாதங்கள் கழித்து மணியண்ணன் ஜன்னலுக்கு வந்தார். அதுவரை தூரத்திலிருந்து கை தூக்குவதோடு சரி.

"தாஸே, ஒரு காரியம் சொல்லுதேன். கோவப்படப்பிடாது."

"சொல்லுங்க அண்ணே."

"நாலு வருசம் ஒனக்க கூட ஒரே முறியில கிடந்தவனில்லியா நான். இப்ப எல்லாவனும் என்னைப் பாத்துச் சிரிக்கியானுவ. மோளுக்கு ஒரு கல்யாண ஆலோசனை வந்திருக்கு. அவங்க காதில போச்சுன்னா தீந்துது."

"நான் என்ன செய்யணும்?"

"எல்லாவனும் இருக்கும்போ ஒரு வார்த்தை சொன்னா போதும். கல்லாறில பறஞ்சது சுகக்கேட்டில பறஞ்சதுன்னு. பின்ன எனக்கும் பேச்சில்ல. நீயும் எனக்க கூட மலைக்கு வரலாம்."

என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டோவில் கொண்டுபோன மனிதர். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது? வட்டு என்ற பேர் எனக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அதன் முதுகில் இன்னும் ஒரு மூட்டையை ஏற்றினால் என்ன கெட்டுவிடும் என்றுதான் நினைத்தேன். நோய் எத்தனையோ எடுத்துக்கொண்டது, இதையும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஷிப்ட் மாறும் நேரத்தில், ரெஸ்ட் ரூம் நிறைந்திருந்தபோது, சொன்னேன். "அன்னைக்குக் கல்லாறில நான் சொன்னது என் பேச்சில்ல. சுகக்கேட்டுப் பேச்சு." ஒருவர் எழுந்துவந்து என் தோளில் தட்டினார். "போட்டும் தாஸே, சுகக்கேட்டில ஆருதான் என்ன பறைய மாட்டாவ" என்றார். டீ வந்தது. எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு. என் முகத்திலும் இருந்திருக்கும். மறுவாரம் நான் மலைக்குப் போனேன்.

குளிர், மீன்கறி, கெட்ட வார்த்தை எல்லாம் திரும்பக் கிடைத்தன. மணியண்ணன் மகளுக்கும் அந்த இடமே அமைந்தது. கல்யாணத்தில் நான் பந்தி விசாரித்தேன். நன்றாக இருந்த காலம் அது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் சொன்ன பொய்க்கு ஒரு குணம் இருந்தது. அந்த ஆசை நோய் என்றால், அதன் சாயல் எங்கே தெரிந்தாலும் நோய் திரும்பியது என்று அர்த்தம். விதுராவில் தினமும் ஏறுகிற ஒரு கால்பந்துக்காரன் இருந்தான். நல்ல பையன், வாய் ஓயாது. ஒருநாள் அவன் சொன்ன ஏதோ ஒன்றுக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த ஸ்டாப்பில் மணியண்ணன் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார்: "நேத்து மருந்து கழிச்சியா?" கழிப்பது என்றால் இங்கே சாப்பிடுவது.

கழித்திருந்தேன். எப்போதும் கழித்திருந்தேன். அவர் அக்கறையாகத்தான் கேட்டார்; அதுதான் வேதனை. புதுச்சட்டை போட்டால் கேட்பார். பாட்டு முணுமுணுத்தால் கேட்பார். மெல்ல மெல்ல நான் ஆண்களிடம் சிரிப்பதை விட்டேன், பிறகு பொதுவாகவே சிரிப்பதை விட்டேன். லித்தியம் என்னை மட்டப்படுத்தியதாக மற்றவர்கள் நினைத்தார்கள். பாதி வேலையை நானே செய்துகொண்டிருந்தேன்.

இப்படிச் சில வருடம் போன பிறகு அக்கா ஒரு பெண் பார்த்தாள். களியக்காவிளைப் பக்கம், பள்ளிக்கூட டீச்சர். நான் வேண்டாம் என்றேன். அக்கா நியாயம் கேட்டாள்: "கல்லாறில சொன்னது சுகக்கேடுன்னு நீதானே எல்லாரு முன்னாலயும் சொன்னே? சுகக்கேடு மாறியாச்சு. பின்ன என்ன தடை?" அவள் கேட்டதில் ஒரு குறையும் இல்லை. பெண் வீட்டுக்கு நோயைப் பற்றிச் சொல்ல வேண்டாம், மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று வழியும் வைத்திருந்தாள். எங்கள் பக்கம் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இப்படிப்பட்ட டப்பா இருக்கிறது.

டாக்டரம்மாவிடம் போனேன். நோயை மறைத்துக் கல்யாணம் செய்யக் கூடாது என்றார். அதைத் தெரிந்துகொள்ள நான் போகவில்லை. "அந்த இன்னொன்று," என்றேன். "ஆண்கள்மேல் உள்ளது. அதுவும் இந்த நோயில் சேர்ந்ததா டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "முன்பு எங்கள் புத்தகத்தில் அதையும் நோய் என்றுதான் எழுதியிருந்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள். உங்களையே கேட்கிறேன். இத்தனை நாள் லித்தியம் எடுத்தீர்களே, அது போயிற்றா?"

"இல்லை."

"அப்படியென்றால் அது நோய் இல்லை." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனால் வெளியே சொல்லாதீர்கள். இந்த ஊரில் வாழ வேண்டாமா?"

முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தேன்.

அக்கா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். சத்தம் போடாமல், நிறுத்தி நிறுத்தி. நான் எழும்பியும் இல்லை, தாழ்ந்தும் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒனக்கு ஒரு குறை போதாதா மக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு அழுதாள். பிறகு மறுபடி கத்தியை எடுத்து நறுக்கினாள். இரவு சோறு போட்டபோது மீன் துண்டை எப்போதும்போல எனக்குத்தான் முதலில் வைத்தாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெண் வீட்டாரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே. என் நோய் திரும்பிவிட்டது என்று அவள் சொல்லியனுப்பினாள். நான் கேட்டபோது, "வட்டுன்னா பாவமுன்னு சொல்லுவாவ. மற்றதுன்னா நானும் பிள்ளையளும் சர்ச்சுக்கு எப்படிப் போவோம்?" என்றாள். எந்த அவமானத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க முடியும் என்று அவள் நிறுத்துப் பார்த்திருக்கிறாள். நிறுத்தது சரியாகத்தான் இருந்தது.

எல்லையோரத்து ஊர்ப்பேச்சு டிப்போவுக்கு வந்துசேர நாளாகாது. தாஸுக்கு மறுபடி வட்டு, அதனால்தான் கல்யாணம் முடங்கியது என்று பரவியது. ஸ்டேஷன் மாஸ்டர் மலை பஸ்ஸிலிருந்து என் பெயரை எடுக்கப்போகிறார் என்றார்கள்.

மத்தியானம் அவர் அறைக்கு வெளியே நின்றபோது உள்ளே மணியண்ணன் குரல் கேட்டது. "சுகக்கேடு திரும்பினா திரும்பட்டு சாரே. நான் நோக்கிக்கிடுதேன். நான் கொண்டுபோனவனில்லியா? அவனை எனக்க கூட விடுங்க."

இந்த டிப்போவில், இந்த ஊரில், என் சொந்தச் சர்ச்சில் எனக்காக அப்படிப் பேசிய ஒரே மனிதர் அவர். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். அன்று சாயங்காலமே அவரோடு மலை ஏறியிருப்பேன். நோயாளி என்ற பேரில் அவர் என்னை ஓய்வு பெறும்வரைகூடக் கவனித்துக்கொண்டிருப்பார்.

ஆனால் அவரோடு போக வேண்டுமென்றால் நான் நோயாளியாக இருந்தாக வேண்டும். சிரித்தால் நோயாளி, பாட்டு வந்தால் நோயாளி, யாரையாவது பார்த்து நெஞ்சு இளகினால் நோயாளி. எனக்கு உண்மையிலேயே ஒரு நோய் இருக்கிறது. அதைச் சுமப்பதே போதும் போதும் என்றாகிவிட்டது. நோயில்லாததையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

முற்றத்தில் மலை பஸ் நின்றது. அவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் நான் கதவருகே போய் நின்றேன்.

"அண்ணே, எனக்கு சுகக்கேடு திரும்பல்ல."

"பின்ன கல்யாணம் என்னத்துக்கு மொடங்கிச்சு?"

"நான்தான் வேண்டாமுன்னு சொன்னேன். கல்லாறில நான் சொன்னது உள்ளதாக்கும். ரெஸ்ட் ரூமில சொன்னதுதான் பொய்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து மருந்து..."

"கழிச்சேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும்."

அவர் இஞ்சினைக் கிளப்பவில்லை. நான்தான் கேட்டேன். "மோளுக்க கல்யாணம் முடிஞ்சாச்சே அண்ணே. இனி என்ன பயம்?"

"மோளுக்க காரியமில்ல. எனக்குத்தான் முடியல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "சுகக்கேடா இருந்தா நான் வந்திருப்பேன் தாஸே."

இறங்கிப் போய் வேறு கண்டக்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு நகரத்து ரூட் போட்டார்கள். தங்கல் கிடையாது, தினமும் வேறு வேறு டிரைவர். தகராறு இல்லாத ஏற்பாடு. மலை பஸ் சில நாள் நகரம்வரை வரும்; கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் எங்கள் பஸ்ஸைக் கடந்து போகும். அப்போது எனக்கு அழுகை வந்துவிடும். பயணிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீதிச் சில்லறை எண்ணுவதுபோல நிற்பேன்.

அழுகை நிற்கவில்லை. வாரங்கள் போயின. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தாழ்ந்த நிலை திரும்புகிறது, மறுபடி சுவரைப் பார்த்துக் கிடக்கப்போகிறேன் என்று நினைத்தேன். இந்த நோய் வந்தவர்களுக்குத் தெரியும், நம்முடைய சந்தோஷத்தையும் நம்பக் கூடாது, வருத்தத்தையும் நம்பக் கூடாது. காலையில் மனம் லேசாக இருந்தால், ஏன் லேசாக இருக்கிறது என்று ஒரு கேள்வி. கனமாக இருந்தால் அதற்கொரு கேள்வி. நாள் என்பது வாழ்வதற்கு என்று இல்லாமல், கவனித்துக் குறித்துக்கொள்வதற்கு என்று ஆகிவிடுகிறது. வருடக்கணக்கில் நான் என் உடம்புக்குள் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரன் நோயா மருந்தா என்றுகூடத் தெரியாது.

கொடுத்த தேதிக்கு முன்பே டாக்டரம்மாவிடம் போனேன். அவர் தலை அதற்குள் பாதி நரைத்திருந்தது. ரத்தம் பார்த்தார். உப்பு சரியான அளவில் இருந்தது. தூக்கம் உண்டா, உண்டு. பசி உண்டா, உண்டு. வேலைக்குப் போகிறீர்களா, ஒருநாளும் தவறவில்லை. பின்னே எப்போது அழுகை வருகிறது?

"மணியண்ணன் பஸ்ஸைப் பார்க்கும்போது" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மருந்தைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கூட்டச் சொல்லி நானே கேட்டேன்.

"இது டிப்ரஷன் இல்லை தாஸ்" என்றார். "உங்களுக்கு வேண்டிய ஒருவர் போய்விட்டார். இது துக்கம். இதற்கு நான் மருந்து எழுத மாட்டேன்."

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்னும் பின்னும் நோயாளிகள் போய் வந்துகொண்டிருந்தார்கள். நோய் தராத, மருந்து தராத, என்னுடையது மட்டுமான ஒன்று இத்தனை வருடத்துக்குப் பிறகு என் நெஞ்சில் இருந்தது. அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, யார் கணக்கிலும் எழுத வேண்டியதில்லை. டூட்டிக்கு நேரமாகியிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவசரமே இல்லாமல், உட்கார்ந்து அழுதேன்.